வலென்சியாவில் ஒரு பலசரக்குக் கடையும் ஊர்த் திருவிழாவும்



என் மகளும் மாப்பிள்ளையும் ஸ்பெயின் நாட்டில் வலென்சியா என்ற துறைமுக நகரத்தில் இருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குக் கப்பல் சரக்குக் கம்பெனியில் வேலை. ஐம்பது வருடமாகப் பருப்பும் வற்றலும் நிறுத்துப் போட்டே காலம் போய்விட்டது, ஒருமுறை வந்து பாருங்கள் அப்பா என்று மகள் வற்புறுத்தியதால் 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசியில் புறப்பட்டுப் போனேன். நாற்பது நாள் தங்கிவிட்டு ஏப்ரல் முதல் வாரம் தூத்துக்குடி திரும்பினேன்.

திரும்பி வந்ததும் பஜாரில் எல்லோரும் கேட்ட கேள்வி, "என்ன அண்ணாச்சி, மாட்டுச் சண்டை பார்த்தீர்களா?" என்பதுதான். பார்க்கவில்லை. நான் பார்த்தது ஒரு பலசரக்குக் கடையை. நாற்பது நாளும் பார்த்தேன். அந்தக் கடைக்காரரும் அந்த ஊருக்கு அந்நியர்தான். அவர் எப்படிப் பிழைக்கிறார், ஊர் அவரை எப்படி ஏற்றுக்கொண்டது என்பதை நம் இதழில் எழுதினால் பிரயோஜனப்படும் என்று தோன்றியது. எழுதுகிறேன்.

வீட்டுக்குக் கீழே ஒரு கடை

மகள் வீடு ருசாஃபா என்ற பகுதியில், நான்காம் மாடியில் இருக்கிறது. அரபு ஆட்சிக் காலத்தில் தோட்டமாக இருந்த இடமாம், பெயரும் அரபுப் பெயர்தான். வீட்டுக்கு நேர் கீழே பத்தடி அகலத்தில் அந்தக் கடை. வாசலில் ஆரஞ்சு, தக்காளி, வெங்காயப் பெட்டிகள். உள்ளே ரொட்டி, பால், முட்டை, டின் மீன், குளிர்பானம். கடைசி அலமாரியில் பாசுமதி அரிசி, மைசூர்ப் பருப்பு, மசாலாப் பொட்டலங்கள்.

கடைக்காரர் பாகிஸ்தான் பஞ்சாபைச் சேர்ந்தவர், வயது நாற்பதுக்குள் இருக்கும். வடநாட்டு மண்டிகளில் கொள்முதல் செய்து பழகியதால் எனக்கு வியாபார இந்தி வரும். அவர் பேசும் உருதுவுக்கு அது போதுமானதாக இருந்தது. அவர் என்னைச் 'சாச்சாஜி' என்பார். நான் 'பாய்' என்பேன். இரண்டாம் நாளே எனக்கு ஒரு முக்காலி போட்டுவிட்டார்.

அந்த நகரத்தில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளுக்குப் பஞ்சமில்லை. ஸ்பெயின் முழுவதும் கிளை பரப்பியிருக்கும் மெர்கதோனா நிறுவனம் பிறந்ததே வலென்சியாப் பக்கத்தில்தான். 1977-இல் ஒரு இறைச்சிக்கடைக் குடும்பம் தொடங்கியது. அப்படிப்பட்ட இடத்தில் பத்தடிக் கடை எப்படி நிற்கிறது என்று கேட்டேன். "சாச்சாஜி, வாரச் சாமான் முழுவதும் அங்கேதான் வாங்குவார்கள். மறந்துபோன சாமானுக்கு நான்தான் கடை" என்றார். இராத்திரி 10 மணிக்கு ஒரு எலுமிச்சம்பழம், அரை டஜன் முட்டை, ஒரு பாட்டில் தண்ணீர். மறக்கக்கூடிய சாமான் எது எது என்று கணக்கிட்டு, அதையே குறையாமல் வைத்திருக்கிறார். விலை இரண்டு காசு கூடுதல்தான். யாரும் முகம் சுளிப்பதில்லை.

சட்டமும் கொஞ்சம் கைகொடுக்கிறது. அந்த நாட்டில் விற்பனை இடம் 300 சதுர மீட்டருக்குக் குறைவாக உள்ள சிறு கடைகள் எந்த நாளும் எந்த நேரமும் திறந்துகொள்ளலாம். பெரிய கடைகளுக்கு, சுற்றுலாப் பகுதிகளைத் தவிர, ஞாயிறும் விடுமுறை நாளும் இஷ்டம்போல் திறக்க முடியாது. வருடத்தில் இன்னின்ன ஞாயிறு என்று குறித்துக் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை நம் பாய் கடையில் நின்று பார்த்தால் இந்த ஒரு விதியின் அருமை தெரியும்.

வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஜி.எஸ்.டி. மாதிரி அங்கே 'இவா' என்று ஒரு வரி. ரொட்டி, பால், முட்டை, காய்கனிக்கு 4 சதவிகிதம், மற்ற உணவுப் பொருள் பெரும்பாலானவற்றுக்கு 10, ஏனையவற்றுக்கு 21. விலைவாசி ஏறிய சமயத்தில், 2023 ஜனவரி முதல் 2024 செப்டம்பர் வரை, அந்த 4 சதவிகிதத்தைப் பூஜ்யமாக்கினார்கள். 2025 ஜனவரியில் பழையபடி 4 ஆகிவிட்டது. அலமாரியில் எழுதும் விலை வரி சேர்த்த விலையாகவே இருக்க வேண்டும். பில் போடும்போது விலை ஏறும் கதை அங்கே இல்லை.

இது போகச் சொந்தத் தொழில் செய்கிற ஒவ்வொருவரும் மாதாமாதம் சமூகக் காப்பு நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் வருடம் மாதம் 80 யூரோ என்று 2023-இல் வந்த சலுகை 2025-இலும் நடப்பில் இருந்தது. அதன்பிறகு வருமானத்துக்குத் தக்கபடி ஏறும். வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் கட்டித்தான் ஆக வேண்டும். "மாதம் முடிந்தால் வயிற்றைக் கலக்கும், ஆனால் ஆஸ்பத்திரிச் செலவும் வயதான காலத்துப் பென்ஷனும் அதில்தான்" என்றார் பாய்.

கடைசி ஆள் யார்?

அந்த ஊர் நேரம் பழக எனக்குப் பத்து நாள் ஆயிற்று. காலை பத்தரை மணிக்குப் பெரிய ரொட்டிக்குள் முட்டையோ கறியோ வைத்து, கூடவே வேர்க்கடலையும் ஆலிவ் காயும் வைத்துச் சாவகாசமாகச் சாப்பிடுகிறார்கள். மதியச் சாப்பாடு 2 மணிக்கு மேல். ராத்திரிச் சாப்பாடு 9 மணிக்கு முன் கிடையாது. துணிக்கடை, இரும்புக்கடை, செருப்புக்கடை போன்ற சிறு கடைகள் பல மதியம் 2 மணிக்கு ஷட்டரை இறக்கி 5 மணிக்கு ஏற்றுகின்றன. இரவு எட்டு, எட்டரை வரை வியாபாரம்.

கடைக்குள் நுழைகிறவர் யாராக இருந்தாலும் முதலில் வணக்கம் சொல்கிறார். வணக்கம் சொல்லாமல் "அது என்ன விலை?" என்று ஆரம்பித்தால் மரியாதைக் குறைவு. கூட்டமாக இருந்தால் வரிசையில் நிற்பதில்லை. புதிதாக வருகிறவர் "கடைசி ஆள் யார்?" என்று பொதுவாகக் கேட்பார். ஒருவர் கை தூக்குவார். அவருக்கு அடுத்தது நாம். அப்புறம் எங்கே வேண்டுமானாலும் நின்று பேசிக்கொண்டிருக்கலாம், முறை தவறாது. சத்தமில்லை, தள்ளுமுள்ளு இல்லை. இந்த வழக்கத்தை நம் பஜாருக்குக் கொண்டுவந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பழைய தின்பண்டக் கடையில் பலகை ஒன்று தொங்கியது. மகள் படித்துச் சொன்னாள்: "இன்று கடன் இல்லை, நாளைக்கு உண்டு." நான் வாய்விட்டுச் சிரித்தேன். 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று என் தகப்பனார் கல்லாவுக்கு மேலே எழுதி வைத்த பலகை கண்முன் வந்தது. கடல் கடந்தாலும் கடைக்காரன் கஷ்டம் ஒன்றுதான்.

நகரத்து நடுவில் மத்தியச் சந்தை. 1928-இல் திறந்தது. இரும்பும் கண்ணாடியும் வண்ண ஓடுமாகக் கோயில் மண்டபம்போல் இருக்கிறது. பரப்பு 8,000 சதுர மீட்டருக்கு மேல். காய், கனி, மீன், கறி, குங்குமப்பூ எல்லாம் அங்கே உண்டு. பிற்பகல் 3 மணியோடு சந்தை முடிந்துவிடும். அரிசிக் கடைகளில் நின்று விசாரித்தேன். நகரத்துக்குத் தெற்கே அல்புஃபேரா என்ற ஏரியைச் சுற்றி நெல் விளைகிறது. 'போம்பா' என்று ஒரு குட்டை அரிசி. தண்ணீரை நன்றாக இழுக்கும், ஆனால் குழையாது. 'பாயேயா' என்ற அவர்களுடைய சோற்றுக்கு அதைத்தான் உயர்வாகச் சொல்கிறார்கள். விலையும் சாதாரண அரிசியைவிட நன்றாகவே கூடுதல். சோற்றின் மஞ்சள் நிறத்துக்குக் குங்குமப்பூ போட வேண்டும். பல வீட்டில் நிறப்பொடிதான் போடுகிறார்கள். இதுவும் நமக்குப் புதிய சமாச்சாரமில்லை.

சந்தைக்கு எதிரே 'லோன்ஹா' என்ற பழைய பட்டு வணிகர் மண்டபம். 1482-இல் கட்டத் தொடங்கியது. முறுக்கிவிட்ட கயிறுபோல் உயரமான கல் தூண்கள். சுவரின் மேல்பக்கம் நான்கு புறமும் லத்தீன் மொழியில் எழுத்துகள் பொறித்திருக்கிறார்கள். பேச்சில் வஞ்சகமும், கொடுத்த வாக்கில் தவறும், அநியாய வட்டியும் இல்லாத வியாபாரமே நல்ல வியாபாரம், அப்படி நடக்கிறவனுக்குச் செல்வமும் சேரும், பரலோகமும் கிட்டும் என்பது அதன் கருத்து. ஐந்நூறு வருடத்துக்கு முன் வியாபாரிகள் தங்கள் தலைக்கு மேலே தாங்களே எழுதி வைத்துக்கொண்டது. நான் செருப்பைக் கழற்றாத குறை.

ஃபாயாஸ் திருவிழா

நான் போனது மார்ச் மாதம். அந்த ஊரின் பெரிய திருவிழாவான ஃபாயாஸ் நடப்பதும் அப்போதுதான். புனித சூசையப்பர் தச்சர்களுக்குக் காவலர். அவர் திருநாள் மார்ச் 19. அதற்கு முந்தின இரவு தச்சர்கள் பட்டறையில் சேர்ந்த மரக்கழிவையும், குளிர்காலத்தில் விளக்கு மாட்டிய மரத் தாங்கியையும் தெருவில் போட்டுக் கொளுத்தியதுதான் ஆரம்பம் என்று சொல்கிறார்கள். நம் போகிப் பண்டிகை போல. நாளடைவில் அந்தக் குவியல் பொம்மையாகி, பொம்மை கோபுரமாகிவிட்டது.

இப்போது நகரத்தில் ஏறத்தாழ 400 விழாக் கமிட்டிகள். ஒவ்வொரு கமிட்டியும் தன் தெரு முனையில் மரச்சட்டம், அட்டை, தெர்மோகோல் கொண்டு ராட்சதச் சிலைகளை எழுப்புகிறது. அரசியல்வாதி, பேராசைக்காரன், விலை ஏற்றும் வியாபாரி என்று எல்லோரையும் கேலி செய்யும் பொம்மைகள். முதல் தரப் பிரிவில் போட்டியிடும் சிலைகளுக்கு லட்சம் யூரோவைத் தாண்டியும் செலவாகிறது. ஒரு யூரோ அப்போது 90 ரூபாய்க்கு மேல். மார்ச் 15 இரவு சிலைகளை நிறுத்தி முடிப்பார்கள். 19-ஆம் தேதி இரவு அத்தனையையும் கொளுத்துவார்கள். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பொம்மைக்கு மட்டும் விலக்கு உண்டு. அதை மியூசியத்தில் வைப்பார்கள். 1934 முதல் இந்த வழக்கம். 2016-இல் யுனெஸ்கோ இந்த விழாவை உலகப் பண்பாட்டுச் செல்வமாகச் சேர்த்தது.

மார்ச் 1 முதல் 19 வரை தினமும் பகல் 2 மணிக்கு நகரசபைச் சதுக்கத்தில் வெடி போடுகிறார்கள். 'மஸ்கிளெத்தா' என்று பெயர். பகலில் என்ன வாணவேடிக்கை என்று நினைத்தேன். கண்ணுக்கு அல்ல, காதுக்கு! மேளக் கச்சேரிபோல் மெல்லத் தொடங்கி, தாளம் கூடிக் கூடி, கடைசியில் பூமி அதிர்கிறது. ஐந்தாறு நிமிடம்தான். சிவகாசிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கே நெஞ்சு குலுங்கியது. முடிந்ததும் ஜனங்கள் பாடகருக்குக் கைதட்டுவதுபோல் வெடிக்காரருக்குக் கைதட்டுகிறார்கள்.

17, 18 தேதிகளில் பெண்கள் பட்டுச் சரிகை உடையில் பூச்செண்டு ஏந்தி, தெருத் தெருவாக ஊர்வலமாகப் போய், ஆதரவற்றோரின் அன்னை எனப்படும் மாதாவுக்குச் செலுத்துகிறார்கள். பெரிய மரச்சட்டத்தில் அந்தச் செண்டுகளை அடுக்கி மாதாவுக்குப் பூவாலேயே மேலாடை செய்கிறார்கள். அந்த வருடம் மார்ச் மாதம் விட்டு விட்டு மழை. நனைந்துகொண்டே நடந்து வந்து மாதாவைப் பார்த்ததும் அழுதார்கள். எங்கள் ஊர்ப் பனிமய மாதா கோயிலில் ஆகஸ்ட் 5 அன்று ஜாதி மதம் பாராமல் கூடும் கூட்டம் எனக்கு ஞாபகம் வந்தது.

விளம்பரம் கேட்டு வந்த அம்மாள்

நிற்க. நம் பாய் கதைக்கு வருகிறேன்.

அவர் கடை திறந்து 14 வருடம். முதல் வருடம் மார்ச் மாதம் வந்தது. கமிட்டிக்காரர்கள் தெருவை அடைத்துக் கடை வாசலை மறைத்துப் பந்தல் போட்டுவிட்டார்கள். சரக்கு வண்டி வர வழியில்லை. விடிந்தது முதல் சிறு பிள்ளைகள் வெடி. ராத்திரி பாட்டு, கூத்து. "என்ன ஊர் இது என்று ஐந்து நாள் ஷட்டரை இறக்கி வீட்டில் படுத்துக்கொண்டேன் சாச்சாஜி" என்றார். அடுத்த வருடம் எதிர்வீட்டு அம்மாள் ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு வந்தார். கமிட்டி வருடா வருடம் விழா மலர் போடுகிறது, அதில் தெருக் கடைகளின் விளம்பரம் வரும், ஒன்று கொடுங்கள் என்றார். பாய் இல்லையென்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாளும் வந்து பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போனார்.

மூன்றாம் வருடம் பாய் தாமாகவே கூப்பிட்டு ஒரு கால்பக்க விளம்பரம் கொடுத்தார். அந்த வருடம் ஷட்டரை இறக்கவில்லை. ஐஸ் கட்டி, தண்ணீர், காகித டம்ளர், எலுமிச்சை என்று சரக்குப் போட்டுப் பின்னிரவு வரை திறந்து வைத்தார். கமிட்டிக்கு வேண்டிய சாமான் எல்லாம் அவர் கடையிலிருந்தே போயிற்று. கொடுத்த விளம்பரக் காசு இரண்டே நாளில் திரும்பி வந்தது. அதற்கடுத்த வருடம் கமிட்டியில் சந்தா கட்டிச் சேர்ந்துவிட்டார். இப்போது அவருடைய 9 வயது மகள் சிறுவர் கமிட்டியில் இருக்கிறாள். தெருப் பலகைகளில் இருக்கும் வலென்சிய மொழியை அவள்தான் அப்பாவுக்குப் படித்துச் சொல்கிறாள்.

2025-இல் விழாவும் ரம்ஜான் நோன்பும் ஒரே மாதத்தில் வந்தன. தெருவில் விறகு மூட்டிக் கமிட்டி கமிட்டியாகப் பாயேயா சமைக்கிறார்கள். கோழியும் முயலும் பீன்ஸும் போட்ட சோறு. பூசணிக்காய் மாவில், நம் மெதுவடை போல் நடுவில் ஓட்டை விட்டுப் பலகாரம் சுடுகிறார்கள். அந்த வாசனைக்கு நடுவே பாய் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கல்லாவில் இருந்தார். சாயங்காலம் ஏழு மணியளவில் சூரியன் மறைந்ததும், அதே எதிர்வீட்டு அம்மாள் சூடான பலகாரத்தைத் துணி போட்டு மூடித் தட்டோடு கொண்டு வந்தார். யாரும் சொல்லிவிடவில்லை. தாமாகவே மணி பார்த்துக்கொண்டு வருகிறார். விழா நடந்த நாளெல்லாம் இது நடந்தது.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கொடை விழா, சப்பரம், விளையாட்டுப் போட்டி என்று யார் நோட்டுப் புத்தகத்தோடு வந்தாலும், "முதலாளி வெளியூர் போயிருக்கிறார்" என்று கணக்குப்பிள்ளையைச் சொல்லச் சொல்லிவிட்டு, கிட்டங்கிக்குள் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றவன் நான். அந்தத் தட்டைப் பார்த்தபோது அது எனக்கு உறுத்தியது.

கமிட்டி கணக்கையும் விசாரித்தேன். கமிட்டி வருடம் மார்ச் 20-இல் பிறந்து அடுத்த மார்ச் 19-இல் முடிகிறது. சாம்பலை அள்ளிய மறுநாளே புதுக்கணக்கு. அங்கத்தினர் மாதச் சந்தா, மலர் விளம்பரம், டிசம்பர் மாத லாட்டரிச் சீட்டைப் பங்கு பிரித்து விற்பது என்று பணம் சேர்க்கிறார்கள். வரவு செலவைக் கூட்டத்தில் வைத்துப் படிக்கிறார்கள். ஒருவர் மட்டும் கையிலே பணம் வைத்திருப்பது கிடையாது.

2024 அக்டோபர் 29

வலென்சியா நகரத்துக்கு நடுவே ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பூங்கா. பள்ளத்தில் இருக்கிறது, மேலே பழைய பாலங்கள். தண்ணீரில்லாத ஆற்றுக்குப் பாலம் எதற்கு என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். "1957 அக்டோபர் 14-இல் தூரியா ஆற்றில் பெரிய வெள்ளம் வந்து 80 பேருக்கு மேல் இறந்தார்கள் மாமா. அதற்கப்புறம் ஆற்றையே நகரத்துக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள்" என்றார்.

அந்தப் புதிய கால்வாய் 2024-இலும் நகரத்தைக் காப்பாற்றியது. ஆனால் கால்வாய்க்குத் தெற்கே உள்ள ஊர்கள் மாட்டிக்கொண்டன. அக்டோபர் 29 அன்று மேற்கே மலைப்பக்கம் கொட்டிய மழை, ஓடைகள் வழியாக இறங்கி வந்தது. கீழே உள்ள ஊர்களில் மழையே அதிகமில்லை, ஆகவே யாரும் எதிர்பார்க்கவில்லை. எச்சரிக்கை கைப்பேசிகளுக்கு வந்தது இரவு 8 மணி 11 நிமிடத்துக்கு. அதற்குள் பல தெருக்களில் ஆள் உயரத் தண்ணீர். வலென்சியா மாகாணத்தில் மட்டும் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அந்த ஊர்களில் ஒன்றான கத்தரோஹாவில் பாயின் மச்சான் கடை வைத்திருக்கிறார். அதுவும் பலசரக்குக் கடைதான். ஷட்டரை இறக்குவதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. மாடி வீட்டுக்காரர் கை கொடுத்துத் தூக்கியதால் பிழைத்தார். அரிசி, பருப்பு, குளிர்பெட்டி, கல்லா எல்லாம் சேற்றில் போயிற்று.

இரண்டொரு நாளில் நகரத்து ஜனங்கள் துடைப்பமும் மண்வெட்டியும் வாளியுமாகக் கால்வாய்ப் பாலத்தைக் கால்நடையாகக் கடந்து அந்த ஊர்களுக்குப் போனார்கள். ஆயிரக்கணக்கில் போனார்கள், பெரும்பாலும் வாலிபப் பிள்ளைகள். விழாக் கமிட்டிகளின் மன்றங்கள் தண்ணீர், கையுறை, பால்பொடி சேர்க்கும் இடங்களாகிவிட்டன. பாயின் கமிட்டியிலிருந்தும் இருபது பேர் அவரோடு போனார்கள். ரசீதுப் புத்தகத்தோடு வந்த அந்த அம்மாளின் மகனும் பேரனும் அதில் உண்டு. நான்கு நாள் சேறு அள்ளி மச்சான் கடைத் தரையைக் கண்ணால் பார்க்க வைத்தார்கள். "என் சொந்த ஊராக இருந்தால்கூட இத்தனை பேர் வந்திருப்பார்களோ தெரியாது" என்றார் பாய்.

துடைப்பத்தால் தரை சுத்தமாகும், சரக்கு திரும்பி வராது. அதற்கு வழி செய்தது வேறொன்று. பாய்க்கும் மச்சானுக்கும் வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பவர் அந்தக் கமிட்டியின் பொருளாளர். நம் ஆடிட்டர் மாதிரி. கடைக்குக் காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்று இரண்டு பேரையும் நச்சரித்து எடுக்க வைத்தவர் அவர். ஸ்பெயினில் கடைக்கோ வீட்டுக்கோ காப்பீடு எடுத்தால், பிரீமியத்தோடு ஒரு சிறு தொகை கூடுதலாக வசூலித்து 'கொன்சோர்சியோ' என்ற அரசு நிதிக்கு அனுப்பிவிடுவார்கள். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற பெருஞ்சேதம் வந்தால் பணம் கொடுப்பது அந்த நிதிதான், தனியார் கம்பெனி அல்ல. உள்நாட்டுப் போர் முடிந்தபின் 1941-இல் ஏற்படுத்தியது. கடைகளுக்கு நட்டத்தில் 7 சதவிகிதம் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். ஆனால் காப்பீடு நடப்பில் இருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் ஒன்றும் கிடையாது.

மச்சான் காப்பீட்டில் இருந்தார். மதிப்பீட்டாளர் வந்து பார்த்தார், பணம் வந்தது, கடையைத் திறந்துவிட்டார். பக்கத்துக் கடை ஒரு வயதான அம்மாளின் நூல், பொத்தான், ரிப்பன் கடை. நாற்பது வருடக் கடையாம். வியாபாரம் குறைந்துவிட்டதென்று இரண்டு வருடம் முன்பே காப்பீட்டை நிறுத்திவிட்டார். தனித்தொழில் செய்வோருக்கு அரசு 5,000 யூரோ உதவி கொடுத்தது. அதைக்கொண்டு மறுபடி கடை போட அந்த அம்மாளுக்குத் தெம்பில்லை. ஷட்டரில் 'வாடகைக்கு' என்ற அட்டை தொங்கியதை நான் பார்த்தேன்.

நெருப்பு வைத்த இரவு

மார்ச் 19 அன்று நோன்பு திறந்தபின் பாய் என்னை வேனில் ஏற்றிக் கத்தரோஹாவுக்கு அழைத்துப் போனார். "பெரிய சிலை எரிவதை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் இதைப் பாருங்கள்" என்றார். சுவர்களில் தண்ணீர் நின்ற மட்டம் என் தலைக்கு மேலே பழுப்புக் கோடாகத் தெரிந்தது. பல ஷட்டர்கள் நெளிந்து கிடந்தன. இந்த நிலையிலும் விழாவை விடவில்லை. மச்சான் கடை முனையில் சிறிய சிலைதான். அதில் ரப்பர் பூட்ஸும் துடைப்பமுமாக ஒரு வாலிபன் பொம்மை இருந்தது.

பத்து மணிக்கு மேல் வெடிச்சரத்தைப் பற்ற வைத்தார்கள். நெருப்பு அடியில் பிடித்து உச்சிக்கு ஏறியது. தீயணைப்பு வீரர்கள் பக்கத்துச் சுவர்களில் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அத்தனை பேரும் பாட்டை நிறுத்திவிட்டுப் பேசாமல் நின்றார்கள். அந்த நூல் கடை அம்மாளும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மச்சான் தம் கடையிலிருந்து கம்பளி ஒன்று கொண்டுவந்து அவர் தோளில் போட்டார். ஒரு வருட உழைப்பு கால் மணி நேரத்தில் தீர்ந்தது. நான் மச்சானிடம், "இத்தனை நட்டத்துக்குப் பிறகு இதற்கும் சந்தா கொடுத்தீர்களா?" என்று கேட்டேன். "முழுதாகக் கொடுத்தேன் சாச்சாஜி. இந்த வருடம் கொடுக்காவிட்டால் பின் எந்த வருடம் கொடுப்பது?" என்றார்.

நாம் சிந்திக்க வேண்டியது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் தென்மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். என் கிட்டங்கியில் மூன்றடித் தண்ணீர். உளுந்தும் வற்றலும் மூட்டை மூட்டையாக ஊறிப் போயின. காப்பீடு இருந்ததா என்று எல்லோரும் கேட்டார்கள். இருந்தது, அக்டோபரில் முடிந்துவிட்டது. பிரீமியம் கட்ட ஏஜென்ட் இரண்டு தடவை வந்தபோதும் "முதலாளி வெளியூர்" என்றுதான் சொல்லியனுப்பினேன். யாரையும் குறை சொல்ல வழியில்லை, தப்பு என்னுடையது. இதை இதுவரை சங்கக் கூட்டத்தில்கூட நான் சொன்னதில்லை. இன்று எழுதிவிட்டேன்.

நம் அங்கத்தினர்களில் எத்தனையோ பேர் தென்மாவட்டத்திலிருந்து சென்னைக்கும் கோவைக்கும் போய்ப் பலசரக்குக் கடை வைத்தவர்கள். போன இடத்தில் நாமும் அந்நியராகத்தான் தொடங்கினோம். இன்று நம் பஜாருக்கு வேறு மாநிலத்திலிருந்து வந்து கடை போடுகிறவர்களும் அப்படித்தான். போன இடத்து விழாவுக்கு வாசலைத் திறந்து வைத்தவன் கெட்ட நாளில் தனியாக நிற்க மாட்டான் என்பதை அந்த இரண்டு கடைகளில் பார்த்தேன். அதோடு காப்பீடும் வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைக்கக் கூடாது. துடைப்பத்தோடு இருபது பேர் வருவார்கள், சரக்குக்குப் பணம் அவர்களால் தர முடியாது.

ஊர் திரும்பிய வாரமே கிட்டங்கிக்கும் கடைக்கும் வெள்ளச் சேதம் சேர்த்துக் காப்பீடு எடுத்துவிட்டேன். முடியும் தேதியைக் கல்லாவுக்கு மேலே, தகப்பனார் பலகைக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் மாதம் நம் தெருக் கொடைக் கமிட்டிப் பையன்கள் நோட்டோடு வந்தார்கள். கணக்குப்பிள்ளை வழக்கம்போல் வாயைத் திறந்தார். நான் உள்ளேயிருந்து எழுந்து வந்து, எல்லோரையும் உட்காரச் சொல்லி, பணத்தைக் கொடுத்தேன். "விழா முடிந்ததும் வரவு செலவை அச்சடித்து எனக்கு ஒரு பிரதி கொடுங்கள் தம்பி" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். கொடுத்தார்கள். 340 ரூபாய் மீதி காட்டியிருந்தார்கள்.

நம் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் இந்த இதழைக் கீழே வைத்த கையோடு தங்கள் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து, என்றைக்கு முடிகிறது, வெள்ளத்துக்குச் செல்லுமா என்று ஒருமுறை பார்த்துவிடும்படிக் கேட்டுக்கொள்கிறேன்.